குழந்தைகளின் மூளைக்கட்டியும் நோயெதிர்ப்புச் சூழலும்: நூறாண்டுக் கேள்வி ஒன்றின் இன்றைய நிலை

காலில் குத்திய முள்ளைச் சுற்றி ஒரே நாளில் திரண்டுவிடும் நோயெதிர்ப்புச் செல்கள், ஒரு குழந்தையின் மூளைக்குள் மாதக்கணக்கில் வளரும் கட்டியை ஏன் விட்டுவைக்கின்றன? அவை அங்கே போக வழியில்லையா? போனாலும் கட்டியை அயலாக அடையாளம் காண முடியவில்லையா? அடையாளம் கண்ட பிறகும் ஏதோ ஒன்று அவற்றின் கையைக் கட்டிவைக்கிறதா?

இந்த மூன்று ஐயங்களும் ஒரே காலத்தில் எழுந்தவை அல்ல. முதலாவது 1920களின் விலங்குச் சோதனைகளில் பிறந்தது. இரண்டாவது, கட்டிகளின் மரபணு வரிசையை முழுமையாகப் படிக்கும் கருவிகள் வந்த பிறகு வலுத்தது. மூன்றாவது, கட்டிக்குள் இருக்கும் செல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க முடிந்த கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் முன்னுக்கு வந்தது.

கேள்வியின் அவசரத்துக்குக் காரணம் உண்டு. குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் இரத்தப் புற்றுக்கு அடுத்த இடம் மூளை, தண்டுவடக் கட்டிகளுக்கே. இரத்தப் புற்றுக்கான சிகிச்சை மேம்பட்டு அதனால் நிகழும் இறப்பு குறைந்துகொண்டே வந்தது. மூளைக்கட்டியில் அந்த அளவு முன்னேற்றம் இல்லை. இதன் விளைவாக, அமெரிக்காவில் புற்றுநோயால் இறக்கும் சிறுவர்களில் அதிகம் பேரைப் பறிக்கும் நோய் என்ற இடத்தை 2014 அளவில் மூளைக்கட்டி பிடித்தது. அறுவை, கதிர்வீச்சு, கீமோ என்ற மூன்றும் தம் எல்லையைத் தொட்டுவிட்ட கட்டிகளில், நான்காவதாக நோயெதிர்ப்பாற்றலை ஏவ முடியுமா என்பதே இப்போதைய தேடல். அதற்கு முன், அந்த ஆற்றல் கட்டிக்குள் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். இதுவரை வந்த விடைகளை வரிசையாக எடைபோட்டுப் பார்க்கலாம்.

முதல் விடை: மூளை பூட்டிய வீடு

1921இல் ஷிராய் என்ற ஜப்பானிய ஆய்வாளர், எலியின் கட்டித் துணுக்கைச் சுண்டெலியின் மூளைக்குள் வைத்தார். உடலின் வேறு இடத்தில் வைத்தால் அழிந்துபோகும் அந்த அயல் திசு, மூளைக்குள் செழித்து வளர்ந்தது. 1923இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் ஜேம்ஸ் மர்ஃபியும் எர்னஸ்ட் ஸ்டர்மும் இதே வழியில் சென்று இரண்டு நுட்பமான விவரங்களைச் சேர்த்தனர். கட்டியோடு அந்த விலங்கின் சொந்த மண்ணீரலில் ஒரு துணுக்கையும் சேர்த்து வைத்தால் கட்டி வளரவில்லை. மூளைக்குள் நீர் நிரம்பிய அறைகளைக் கட்டி தொட்டுவிட்டாலும் எதிர்ப்புச் செல்கள் திரண்டன. 1948இல் பீட்டர் மெடவார் முயல்களிடம் செய்த தோல் ஒட்டுச் சோதனை இதற்கு முத்திரை வைத்தது. மூளைக்குள் வைத்த அயல் தோல் பிழைத்தது. ஆனால் அதே வகைத் தோலை முன்பே உடலில் ஒட்டி, எதிர்ப்பைப் பழக்கிவிட்ட முயல்களில் மூளைக்குள் வைத்த தோலும் அழிந்தது.

இச்சோதனைகளிலிருந்து ‘மூளைக்கு நோயெதிர்ப்பிலிருந்து விலக்கு உண்டு’ என்ற முடிவு பாடநூல்களில் நிலைத்தது. சோதனை செய்தவர்களே பதிவுசெய்த விதிவிலக்குகள் அடிக்குறிப்பாய்ச் சுருங்கின. கூர்ந்து பார்த்தால் மெடவாரின் சோதனை சொல்வது வேறு: மூளைக்குள் நடப்பதை உடலுக்குத் தெரிவிக்கும் வழிதான் குறுகலானது, தெரிந்துவிட்ட பிறகு தாக்க வரும் வழி அடைபட்டிருக்கவில்லை.

தெரிவிக்கும் வழியும் அறவே இல்லாதது அன்று என்பது 2015இல் உறுதியானது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஜோனதன் கிப்னிஸ் குழுவும் ஹெல்சின்கியில் காரி அலிட்டாலோ குழுவும் மூளையைப் போர்த்தியிருக்கும் உறையில் நிணநீர் நாளங்களைத் தனித்தனியே காட்டின. இத்தாலிய உடற்கூறியலாளர் பவுலோ மஸ்கானி 1787இலேயே இவற்றை விவரித்திருந்தார். இரண்டு நூற்றாண்டுகள் அதை எவரும் பொருட்படுத்தவில்லை. இந்த நாளங்கள் மூளை நீரில் கரைந்துவரும் பொருட்களைக் கழுத்திலுள்ள நிணநீர் முடிச்சுகளுக்குக் கொண்டுசேர்க்கின்றன. மண்டையோட்டின் மஜ்ஜையிலிருந்து நுண்ணிய வாய்க்கால்கள் வழியாக நோயெதிர்ப்புச் செல்கள் உறைக்கு நேரடியாக இறங்குவதையும் அடுத்து வந்த ஆய்வுகள் காட்டின.

குழந்தைகளின் கட்டிகளைப் பொறுத்தவரை பூட்டிய வீடு என்ற உருவகத்தில் இன்னொரு குறை இருக்கிறது. பூட்டு எல்லாக் கட்டியிலும் ஒரே மாதிரி இல்லை. சிறுமூளையில் வரும் மெடுல்லோபிளாஸ்டோமாவின் நான்கு பெரும் பிரிவுகளில் ‘டபிள்யூஎன்டி’ பிரிவு ஒன்று. அதன் இரத்தக் குழாய்கள் ஓட்டை விழுந்தவை, எளிதில் கசிபவை என்று 2016இல் தெரியவந்தது. கீமோ மருந்து தாராளமாக உள்ளே போகிறது. இப்பிரிவுக் குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பிழைப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. மறுமுனையில், மூளைத்தண்டின் நடுப்பகுதியான பான்ஸில் பரவும் டிஐபிஜி கட்டி. எம்ஆர்ஐ எடுக்கும்போது நரம்பில் ஏற்றும் சாயம் பெரும்பாலும் இக்கட்டிக்குள் ஏறுவதில்லை. படத்தில் பான்ஸ் உப்பித் தெரியும், பளிச்சென்று மின்னும் பகுதி எதுவும் இருக்காது. தடுப்புச் சுவர் பெரும்பாலும் அப்படியே நிற்கிறது என்பதே அதன் பொருள்.

ஆக, முதல் விடை முழுத் தவறன்று. மருந்து ஏன் போவதில்லை என்பதை அது நன்றாக விளக்குகிறது. செல்கள் ஏன் தாக்குவதில்லை என்பதை அரைகுறையாகவே விளக்குகிறது.

இரண்டாம் விடை: அடையாளம் இல்லாத கட்டி

புகை, வெயில், வயது ஆகியவை சேர்த்துவைத்த ஆயிரக்கணக்கான மரபணுப் பிழைகளைச் சுமப்பவை பெரியவர்களின் புற்றுகள். ஒவ்வொரு பிழையும் ஒரு விகாரப் புரதத்தைத் தரக்கூடும். அதைக் கண்டு, தாக்கும் நோயெதிர்ப்புச் செல்களான டி செல்கள் கட்டியை அயல் என்று அறியக்கூடும். குழந்தைக்கு அவ்வளவு வயதில்லை. பல வகைச் சிறார் புற்றுகளை ஒருசேர ஆராய்ந்து 2018இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, அவற்றின் பிழைச் சுமை பெரியவர்களின் புற்றுகளைவிடச் சுமார் 14 மடங்கு குறைவு என்று கணக்கிட்டது. குழந்தைகளின் மூளைக்கட்டி பெரும்பாலும் வளர்ச்சி திசைமாறியதன் விளைவு. கருவில் இயல்பாக நடந்து முடிய வேண்டிய ஒரு கட்டம் முடியாமலே நின்றுவிடுகிறது.

டிஐபிஜி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. டிஎன்ஏ சுற்றிக்கொள்ளும் உருளையான ஹிஸ்டோன் எச்3 புரதத்தில், 27ஆவது இடத்தில் லைசின் இருக்க வேண்டும். இக்கட்டிகளில் பெரும்பாலானவற்றில் அங்கே மெத்தியோனின் இருக்கிறது என்று 2012இல் இரு குழுக்கள் கண்டறிந்தன. ஒரே ஒரு எழுத்துப் பிழை, எண்ணற்ற மரபணுக்களின் பூட்டையும் திறப்பையும் குழப்பிவிடுகிறது. கைக்குழந்தைகளுக்கு அதிகம் வரும் ‘பிஎஃப்ஏ’ வகை எபெண்டிமோமா என்ற மூளைக்கட்டியில் இந்த அளவு பிழைகூடப் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

இந்த விடை உண்மையானால், டி செல்களின் கடிவாளத்தை அவிழ்க்கும் பிடி-1 தடுப்பு மருந்துகளால் பயன் இருக்காது. அடையாளமே தெரியாத காவலரின் விலங்கைக் கழற்றி என்ன பயன்? 2023இல் வெளியான ‘செக்மேட் 908’ சோதனை ஏறத்தாழ இதையே சொன்னது. வெவ்வேறு தீவிர மூளைக்கட்டிகள் கொண்ட 166 சிறார், இளையோரிடம் பிடி-1 தடுப்பு மருந்தான நிவோலுமாபைத் தனியாகவும், கடிவாளம் அவிழ்க்கும் இன்னொரு மருந்தான இபிலிமுமாபோடு சேர்த்தும் கொடுத்துப் பார்த்தனர். வாழ்நாளில் குறிப்பிடத்தக்க நீட்சி இல்லை.

விதிவிலக்கு ஒன்று விதிக்கு வலுச் சேர்க்கிறது. டிஎன்ஏவில் நேரும் நகலெடுப்புப் பிழைகளைத் திருத்தும் மரபணு, தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதாகவே வந்துசேரும் குழந்தைகள் அரிதாக உண்டு. அவர்களின் கட்டியில் பிழைகள் பெரியவர்களின் புற்றையும் மிஞ்சிப் பெருகும். 2016இல் டொராண்டோவின் சிக்கிட்ஸ் மருத்துவமனைக் குழு, இத்தகைய உடன்பிறப்புகள் இருவரின் திரும்பி வந்த கிளையோபிளாஸ்டோமா என்ற தீவிர மூளைக்கட்டி நிவோலுமாபுக்கு அடங்கியதைப் பதிவுசெய்தது. 2022இல் வந்த விரிவான ஆய்வில், இக்குறையுள்ள நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோரின் கட்டி சுருங்கியது. ஏறத்தாழ 41 விழுக்காட்டினர் மூன்றாண்டு கடந்தனர். இரு பெற்றோரும் அதே மரபணுவில் பழுதைச் சுமந்தால்தான் வரும் நோய் என்பதால், நெருங்கிய உறவில் மணமுடிக்கும் சமூகங்களில் இது கூடுதலாகத் தென்படுகிறது. மாமன் மகள், அத்தை மகன் திருமணம் இன்றும் வழக்கிலுள்ள தமிழ்நாட்டில், சிறார் மூளைக்கட்டிகளில் இதைத் தேடிச் சோதிப்பதற்குத் தனி நியாயம் இருக்கிறது.

ஆனால் இந்த விடைக்கும் இடைஞ்சல் தரும் சான்றுகள் உள்ளன. மூன்று வயதுக்குட்பட்டோருக்கு அதிகம் வரும் ராப்டாய்டு கட்டியில் பெரும்பாலும் ‘ஸ்மார்க்பி1’ என்ற ஒரே மரபணு இழப்புதான் இருக்கும். கணக்குப்படி அது டி செல்களே இல்லாத பாலையாக இருக்க வேண்டும். 2019இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் அதற்குள் டி செல்கள் நுழைந்திருப்பதையும், ஒரே அடையாளத்தைக் குறிவைத்தவை போலப் பெருகியிருப்பதையும் கண்டனர். நம் மரபணுத் தொகுதியில் உறங்கிக் கிடக்கும் பழைய வைரஸ் எச்சங்கள் விழித்துக்கொள்வது இதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் விளக்கம்.

இன்னொரு சான்று, அடையாளம் இருப்பதும் அதை வெளியே காட்டுவதும் வேறுவேறு என்பது. பி53 என்ற மரபணு பழுதான மெடுல்லோபிளாஸ்டோமா செல்கள், உள்ளிருக்கும் புரதத் துணுக்குகளை மேற்பரப்பில் ஏந்திக் காட்டும் எம்எச்சி மூலக்கூறுகளைக் குறைத்துக்கொள்கின்றன. டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தைக் குறைந்த அளவில் கொடுத்தால் அவை மீண்டும் தோன்றுவதை 2020இல் எலிகளிடம் காட்டினர். எனவே பிழைகளை எண்ணுவது மட்டும் போதாது. அந்தக் கட்டி எதைக் காட்டுகிறது, எப்போது காட்டுகிறது என்பதும் கணக்கில் வர வேண்டும்.

மூன்றாம் விடை: உள்ளூர்க்காரர்களின் பங்கு

1919இல் ஸ்பானிய ஆய்வாளர் பியோ டெல் ரியோ ஹொர்டேகா பெயர்வைத்த மைக்ரோக்ளியா, மூளையிலேயே குடியிருக்கும் நோயெதிர்ப்புச் செல். கருவின் தொடக்க நாட்களில் மஞ்சள்கருப் பையிலிருந்து புறப்பட்டு மூளைக்குள் குடியேறி, அங்கேயே தலைமுறை தலைமுறையாக நீடிப்பது இது என்று 2010இல் எலிகளிடம் உறுதியாயிற்று. வளரும் மூளையில் இதன் முதல் வேலை போர் அல்ல, பராமரிப்பு. வேண்டாத நரம்பிணைப்புகளைக் கத்தரிக்கும். இறந்த செல்களை அள்ளும். வெளியிலிருந்து இரத்தம் வழியாக வந்துசேரும் மேக்ரோபேஜ்கள் வேறு இனம். கட்டிக்குள் இரண்டும் கலந்து, ஒன்றைப்போல் மற்றொன்று தோற்றம் காட்டுகின்றன.

மூன்றாம் விடையைச் சொல்வோரின் கருத்து, டி செல் வருமா வராதா என்பதைத் தீர்மானிப்பது இந்த உள்ளூர்க்காரர்களே என்பது. 2013இல் கொலராடோ குழு ஒப்பிட்டபோது, பைலோசைட்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமாவிலும் எபெண்டிமோமாவிலும் நோயெதிர்ப்புச் செல்கள் மிகுந்தும், மெடுல்லோபிளாஸ்டோமாவிலும் தீவிர க்ளையோமாவிலும் குறைந்தும் இருந்தன. இதிலிருந்து ‘சூடான கட்டி’, ‘குளிர்ந்த கட்டி’ என்ற பாகுபாடு புழக்கத்துக்கு வந்தது. வசதியான பாகுபாடுதான், ஒவ்வொரு கட்டியாக நெருங்கிப் பார்க்கும்போது அது பிடி கொடுப்பதில்லை.

டிஐபிஜி திசுவின் மெல்லிய சீவலில் டி செல்லை மட்டும் பழுப்பாக்கும் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்ப்பதாகக் கொள்வோம். பார்வை வட்டம் நிறையக் கட்டிச் செல்கள், நடுவே உயிரோடிருக்கும் நரம்புச் செல்கள். பழுப்புப் புள்ளி எங்கோ ஒன்றிரண்டு, அவையும் இரத்தக் குழாயை ஒட்டியே. ஆனால் அங்கே கடுமையான அடக்குமுறைக்கான அடையாளங்களும் அதிகம் இல்லை. 2018, 2019இல் வந்த இரு ஆய்வுகள், இக்கட்டியிலுள்ள மைக்ரோக்ளியா பெரியவர்களின் கிளையோபிளாஸ்டோமாவில் உள்ளவற்றைப்போல் அழற்சிச் சமிக்ஞைகளைச் சுரப்பதில்லை என்றும், கட்டியும் டி செல்லை அடக்கும் புரதங்களை மிகுதியாக ஏந்தவில்லை என்றும் கண்டன. காவலரைக் கட்டிப்போட்ட இடம் என்பதைவிட, காவலரை எவரும் அழைக்காத இடம் என்பதே பொருத்தம். இந்த வேறுபாடு நடைமுறையில் முக்கியம். கட்டிப்போட்டிருந்தால் அவிழ்க்கும் மருந்து உதவும். அழைக்கப்படவே இல்லை என்றால், ஆளை நாமேதான் கொண்டுபோய் இறக்க வேண்டும்.

பிஎஃப்ஏ எபெண்டிமோமா நேர் எதிர். அங்கே இன்டர்லூக்கின்-6 என்ற புரதம் சுரந்து அழற்சி ஓயாமல் கனன்றுகொண்டிருக்கிறது. ஆனால் இந்த அழற்சி கட்டியை எரிப்பதாகத் தெரியவில்லை. மைக்ரோக்ளியா, மேக்ரோபேஜ் போன்ற மைலாய்டு செல்களை ஒரு பக்கமாகச் சாய்த்து, நோயின் போக்கை மோசமாக்குவதாகவே தோன்றுகிறது. தீங்கற்ற வகை என்று எண்ணப்படும் கிரானியோபாரிஞ்சியோமாவிலும் இதே புரதம் மிகுதி. எஞ்சின் எண்ணெய் போலக் கறுத்த அதன் நீர்ப்பையில் அழற்சிப் புரதங்கள் நிறைந்திருக்கின்றன. இன்டர்லூக்கின்-6ஐத் தடுக்கும் டோசிலிசுமாப் கொடுத்து இரு குழந்தைகளின் நீர்ப்பை சுருங்கியதாக 2019இல் ஒரு குறிப்பு வந்தது. இங்கே சூட்டைத் தணிப்பதே சிகிச்சை.

நோயெதிர்ப்புச் செல்லே கட்டிக்குத் தீனி போடும் நிலையும் உண்டு. நியூரோஃபைப்ரோமட்டோசிஸ்-1 உள்ள குழந்தைகளில் 15 முதல் 20 விழுக்காட்டினருக்குப் பார்வை நரம்புப் பாதையில் மெதுவாக வளரும் க்ளையோமா வருகிறது. செயின்ட் லூயிஸ் நகர வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் கட்மன் குழு எலிகளிடம் இதன் சங்கிலியைக் கண்ணி கண்ணியாக அவிழ்த்தது. நரம்புச் செல் மிட்கைன் என்ற பொருளைச் சுரக்கிறது. அது டி செல்லைத் தட்டி எழுப்புகிறது. டி செல் விடுக்கும் சிசிஎல்4, மைக்ரோக்ளியாவை உசுப்புகிறது. மைக்ரோக்ளியா தரும் சிசிஎல்5, கட்டியை வளர்க்கிறது. இதே குழு ஆஸ்துமா தூண்டிய எலிகளில் இக்கட்டி குறைவாக வருவதை 2021இல் காட்டியது. நுரையீரலில் நடந்த ஒன்று டி செல்லின் குணத்தை மாற்றி, பார்வை நரம்பில் விளைவைக் காட்டியிருக்கிறது.

மூன்றாம் விடையின் பலவீனம், ஒரே செல்லுக்கு முரண்பட்ட வேடங்கள் தரப்படுவது. எஸ்எச்எச் பிரிவு மெடுல்லோபிளாஸ்டோமாவில், இரத்தம் வழி வரும் மேக்ரோபேஜ்களைத் தடுத்தால் எலிகள் சீக்கிரம் இறந்தன என்று 2019இல் ஓர் ஆய்வு சொன்னது. அதாவது அவை கட்டிக்கு எதிரிகள். அடுத்த ஆண்டே இன்னொரு குழு, அதே பிரிவில் மைக்ரோக்ளியா ஐஜிஎஃப்1 என்ற வளர்ச்சிப் பொருளைச் சுரந்து கட்டியை வளர்ப்பதாகக் காட்டியது. ஒன்று வந்தேறி, மற்றொன்று குடியிருப்பது என்பது ஒரு சமாதானம். எலி மாதிரியும் நோயின் கட்டமும் வேறு என்பது மற்றொரு சமாதானம். எது சரி என்பது தீரவில்லை.

வழக்கமான சிகிச்சை செய்வது என்ன?

மேற்கண்ட மூன்று விடைகளும் கட்டியின் சூழலை அதன் பிறவிக்குணம் போலப் பேசுகின்றன. நடைமுறையில் எந்தக் குழந்தையும் சிகிச்சையின்றி நோயெதிர்ப்பு மருந்துக்கு வந்துசேர்வதில்லை. கதிர்வீச்சும் ஸ்டீராய்டும் கீமோவும் தொட்ட பிறகே வருகிறது. அவை ஒவ்வொன்றும் அந்தச் சூழலைத் திருத்தி எழுதுகின்றன.

நிலவில் முதலில் கால்வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங்கின் மகள் மூளைத்தண்டுக் கட்டியால் 1962இல் இறந்தபோது, தரப்பட்ட சிகிச்சை கதிர்வீச்சு. இன்றும் டிஐபிஜிக்கு அடிப்படைச் சிகிச்சை அதுவே. இடைநிலை வாழ்நாள் இன்னமும் ஓராண்டைத் தொடவில்லை. கதிர்வீச்சு இருமுனைக் கத்தி. செத்து உடையும் செல்களிலிருந்து கட்டியின் துணுக்குகள் சிந்தும்; எம்எச்சி கூடும்; டி செல்லை அழைக்கும் சமிக்ஞைகள் எழும். மறுபுறம், டி செல்கள் கதிர்வீச்சில் எளிதில் மடிபவை. மெடுல்லோபிளாஸ்டோமாவுக்கு மூளை முதல் தண்டுவடம் முழுவதற்கும் கதிர் கொடுக்க வேண்டும். வழக்கமான இடரில் 23.4 கிரே, கூடுதல் இடரில் 36 கிரே. குழந்தையின் முதுகெலும்பு இரத்தம் ஊறும் மஜ்ஜை நிறைந்த இடம் என்பதால் இரத்தத்தில் நிணச்செல்கள் சரிந்து, மீளப் பல மாதங்கள் ஆகலாம். கட்டியைக் காட்டிக்கொடுக்கும் சிகிச்சையே, பார்த்துத் தாக்க வேண்டியவர்களையும் குறைத்துவிடுகிறது.

டெக்சாமெத்தசோன் சங்கடம் வேறு மாதிரி. வீங்கிய மூளையின் அழுத்தத்தைச் சில மணி நேரங்களிலேயே தணிக்கத் தொடங்கும் இந்த மருந்து இல்லாமல் பல குழந்தைகளை அறுவைமேசை வரைகூடக் கொண்டுபோக முடியாது. அதே மருந்து டி செல்லின் பெருக்கத்தை முடக்கும். அதனால்தான் பல நோயெதிர்ப்புச் சோதனைகள் ஸ்டீராய்டு அளவு ஒரு வரம்புக்குக் கீழே இறங்கியவர்களை மட்டும் சேர்க்கின்றன. மிக மோசமான நிலையில் இருப்பவர்கள் தொடக்கத்திலேயே விலகிப்போகிறார்கள். சோதனை முடிவை வாசிக்கும்போது இதை மறக்கக்கூடாது.

கீமோவும் கதிர்வீச்சும் மைக்ரோக்ளியாவை நீண்டகாலம் உசுப்பிவைக்கின்றன. ஆய்வாளர் மிஷெல் மோஞ்ஜே 2003இல் எலிகளிடம், கதிர்வீச்சுக்குப் பின் நினைவுப் பகுதியில் புது நரம்புச் செல் பிறப்பது நிற்பதற்கு இந்த அழற்சியே முக்கியக் காரணம் என்றும், அழற்சி தணிக்கும் இண்டோமெத்தசின் அதை ஓரளவு மீட்கிறது என்றும் காட்டினார். மெத்தோட்ரெக்சேட்டும் இதே பாதையில் மைக்ரோக்ளியாவைத் தொடுவது 2019இல் தெரிந்தது. பிழைத்த குழந்தை பள்ளியில் பின்தங்குவதற்கும் கட்டிக்குள் நடக்கும் நோயெதிர்ப்புக்கும் பொதுவான வேர் ஒன்று இருக்கிறது என்பதே இதன் உட்பொருள்.

ஏவிவிடும் முயற்சிகள்

தடுப்பூசி, வைரஸ், மாற்றியமைத்த டி செல் என்று மூன்று வழிகள் முன்னணியில் உள்ளன.

தடுப்பூசி வழியில், ஹிஸ்டோனின் அந்த ஒற்றைப் பிழையைத் தாங்கிய துணுக்கை ஊசியாகப் போட்டு டி செல்லுக்குக் காட்டிக்கொடுத்தனர். 2020இல் வெளியான 29 பேரின் முடிவில், எதிர்வினை எழுந்தவர்கள் இடைநிலையாகச் சுமார் 16 மாதமும் எழாதவர்கள் சுமார் 10 மாதமும் வாழ்ந்தனர். நம்பிக்கை தரும் கணக்குதான். ஆனால் உடல்தேறி அதிக நாள் இருந்தவர்களிடமே எதிர்வினை எழ வாய்ப்பும் அதிகம் என்பதால், எது காரணம் எது விளைவு என்று இதிலிருந்து பிரிக்க முடியாது. மேலும் அந்த ஊசி எச்எல்ஏ-ஏ2 என்ற திசு வகையின் ஒரு குறிப்பிட்ட துணைவகை உள்ளவர்களுக்கே பொருந்தும். ஐரோப்பிய வம்சாவளியினரிடம் பரவலான அந்தத் துணைவகை தென்னாசியரிடம் அந்த அளவுக்குப் பரவலாக இல்லை.

வைரஸ் வழியில், பலம் குறைத்த ஹெர்ப்பிஸ் வைரஸான ஜி207, தீவிர க்ளையோமா உள்ள 12 சிறாரின் கட்டிக்குள் மெல்லிய குழாய் வழியே செலுத்தப்பட்டது. 2021இல் வெளியான முடிவில் 11 பேரிடம் ஏதோ ஒரு வகை எதிர்வினை தெரிந்தது. பின்னர் எடுத்த திசுவில், முன்பு வறண்டிருந்த இடத்தில் டி செல்கள் நிறைந்திருந்தன. குளிர்ந்த கட்டியைச் சூடாக்க முடியும் என்பதற்கு இது நேரடிச் சான்று. இடைநிலை வாழ்நாள் 12.2 மாதமே என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்: செல் வந்துவிட்டால் நோய் தீரும் என்பதற்கு இது சான்றன்று. ஸ்பெயினின் பம்ப்லோனாவில் 12 டிஐபிஜி குழந்தைகளுக்கு அடினோவைரஸும் அடுத்துப் பெரும்பாலோருக்குக் கதிர்வீச்சும் கொடுத்ததில் இடைநிலை வாழ்நாள் 17.8 மாதம். ஒருவருக்கு ஒரு பக்கமும் ஒருவருக்குக் கைகால் நான்கும் தளர்ந்தன.

கார்-டி வழியில் ஆளையே கொண்டுபோய் இறக்குகிறார்கள். குழந்தையின் சொந்த டி செல்லை எடுத்து, கட்டியின் மேற்பரப்பில் உள்ள ஒரு பொருளைப் பற்றிக்கொள்ளும் கொக்கியைப் பொருத்தித் திருப்பி ஏற்றுகின்றனர். மரபணுப் பிழையோ எம்எச்சியோ இதற்குத் தேவையில்லை. டிஐபிஜி செல்கள் ஜிடி2 என்ற சர்க்கரைக் கொழுப்பை மிகுதியாக அணிந்திருப்பதை 2018இல் ஸ்டான்ஃபோர்டில் மோஞ்ஜேயும் கிரிஸ்டல் மக்காலும் சேர்ந்து கண்டனர். 2024இல் அவர்கள் வெளியிட்ட சோதனையில் 11 சிறார், இளையோரில் நால்வரின் கட்டி பாதிக்கு மேல் சுருங்கியது. அவர்களில் ஒருவரிடம் முழுவதும் மறைந்து, முடிவு வெளியானபோது இரண்டரை ஆண்டு கடந்திருந்தது. சியாட்டிலில் பி7-எச்3 என்ற இலக்கைக் குறிவைத்து மூளை நீரறைக்குள் நேரடியாகச் செல் செலுத்தப்பட்ட 21 டிஐபிஜி நோயாளிகளின் இடைநிலை வாழ்நாள், நோய் தெரிந்த நாளிலிருந்து 19.8 மாதம் என்று 2025இல் அறிவிக்கப்பட்டது.

இந்தச் சிகிச்சை படுக்கையருகே எப்படி நடக்கிறது என்பதைப் பார்த்தால் மூளையின் தனிக் கடினம் புரியும். குழந்தையின் தலைத்தோலுக்கடியில் நாணயம் அளவு ஒம்மாயா குமிழ் ஒன்று பதிக்கப்பட்டிருக்கும். அதிலிருந்து ஒரு குழாய் நீரறைக்குள் இறங்கும். செல் ஏற்றிய சில நாட்களில் காய்ச்சல் அடிக்கும். மற்ற உறுப்பில் என்றால் கட்டி வீங்கட்டும் என்று பொறுத்திருக்கலாம். பான்ஸில் ஒரு சில மில்லிமீட்டர் வீக்கம் போதும், விழுங்கலும் மூச்சும் தடுமாற. பழைய முடக்கம் தற்காலிகமாக மோசமாகும், நீரோட்டம் அடைபடும். அப்போது மருத்துவர் அந்தக் குமிழில் ஊசி ஏற்றி நீரை வடித்து அழுத்தத்தைக் குறைப்பார். கட்டியின் அழற்சியால் வரும் இந்த நரம்புப் பாதிப்பை இரத்தப் புற்றின் கார்-டி விளைவுகளிலிருந்து பிரித்துத் தனிப்பெயரிட வேண்டியதாயிற்று. அழற்சிதான் மருந்து, அழற்சிதான் ஆபத்தும்.

சான்றுகளை எப்படி எடைபோடுவது?

இவ்வளவு முடிவுகளையும் ஒரே தராசில் வைப்பதற்கு முன் சில குறைகளைக் கருத வேண்டும்.

முதலாவது, திசு. 1990களில் டிஐபிஜியை எம்ஆர்ஐ பார்த்தே முடிவுசெய்யலாம், ஊசி வைத்துத் திசு எடுப்பது தேவையற்ற ஆபத்து என்ற கருத்து நிலைபெற்றது. பாரிஸின் நெக்கர் மருத்துவமனை போன்ற சில இடங்கள் பாதுகாப்பாக எடுக்க முடியும் என்று காட்டிய பிறகே வழக்கம் மாறியது. இடைப்பட்ட காலத்தில் ஆய்வுக்குக் கிடைத்தவற்றில் பெரும்பகுதி, பெற்றோரின் பெருந்தன்மையால் இறப்புக்குப் பின் கிடைத்த திசு. கதிர்வீச்சும் ஸ்டீராய்டும் முழுதாகப் பட்ட திசு அது. அதில் டி செல் இல்லை என்றால், தொடக்கத்திலிருந்தே இல்லையா, சிகிச்சையில் போயிற்றா?

இரண்டாவது, விலங்கு. மனிதக் கட்டியை எலியில் வளர்க்க, எதிர்ப்பாற்றல் அற்ற எலி வேண்டும். அதில் நோயெதிர்ப்பை முழுமையாக ஆராய இயலாது. எதிர்ப்பாற்றல் உள்ள எலியில் எலிக்கட்டியைத்தான் வளர்க்க முடியும்.

மூன்றாவது, எண்ணிக்கை. 11, 12, 21 என்ற அளவில் ஒப்பீட்டுக் குழு இல்லாமல் நடந்தவை பல. பழைய நோயாளிகளோடு ஒப்பிடும்போது, சோதனையில் சேரும்வரை உயிரோடும் ஓரளவு நலத்தோடும் இருந்தவர்கள் என்ற தேர்வே சில மாதங்களைக் கூட்டிக் காட்டிவிடலாம். சிகிச்சைக்குப் பின் படத்தில் கட்டி பெரிதாவது நோயின் வளர்ச்சியா, செல்கள் திரண்ட வீக்கமா என்பதைப் பிரிப்பதும் எளிதன்று.

எஞ்சி நிற்பவை

மூன்று விடைகளில் எதுவும் தனித்து நிற்கவில்லை. எதையும் தள்ளவும் முடியவில்லை. டபிள்யூஎன்டி மெடுல்லோபிளாஸ்டோமாவுக்கும் டிஐபிஜிக்கும் உள்ள இடைவெளியைச் சுவர் விளக்குகிறது. நிவோலுமாபின் தோல்வியையும் அரிதான வெற்றியையும் பிழைச் சுமை விளக்குகிறது. எபெண்டிமோமாவும் பார்வை நரம்புக் க்ளையோமாவும் உள்ளூர்ச் செல்களை விட்டால் புரியாது. எனவே ‘குழந்தைகளின் மூளைக்கட்டி நோயெதிர்ப்புக்கு அடங்குமா?’ என்று ஒருமையில் கேட்பதே கேள்வியைக் குழப்புகிறது எனலாம். ஒரு கட்டிக்கு அழற்சியைக் கூட்ட வேண்டும். இன்னொன்றுக்குத் தணிக்க வேண்டும்.

இதைவிட ஆழமான இடைவெளி, காலத்தைப் பற்றியது. சூடு, குளிர் என்று நாம் பெயரிடுவது பெரும்பாலும் ஒரு தடவை எடுத்த ஒரு துணுக்கின் நிலை. கட்டியோ வளரும் மூளைக்குள் வளர்கிறது. மைக்ரோக்ளியாவின் வேலை வயதோடு மாறுகிறது. ஒவ்வொரு சிகிச்சையும் அதை மீண்டும் மாற்றுகிறது. கதிர்வீச்சுக்கு முன் கார்-டியா, பின்னா? பின் என்றால் எத்தனை வாரம் கழித்து? ஸ்டீராய்டை எவ்வளவு தாமதிக்கலாம்? ஒரு இலக்கை மறைத்துக்கொண்டு தப்பும் செல்களுக்கு எதிராக இரண்டு, மூன்று இலக்குகளை ஒருசேரக் குறிவைத்தால் இயல்பான மூளை தாங்குமா? இவற்றுக்கு இன்னும் உறுதியான விடை இல்லை. பிழைப்பதற்குத் தரும் விலை பற்றிய கேள்வியும் திறந்தே இருக்கிறது. கார்-டிக்குப் பின் மைக்ரோக்ளியா உசுப்பப்பட்டு எலிகளின் கற்றல் லேசாகக் குறைவதை 2025இல் மோஞ்ஜே குழுவே காட்டியது. பிழைக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை கூடக்கூட இந்தக் கணக்கும் கூடும்.

திசுவைத் திரும்பத் திரும்ப வெட்டி எடுக்க முடியாத இடத்தில் காலப்போக்கை எப்படி அளப்பது? அழுத்தம் குறைக்கவென்று தலைத்தோலுக்கடியில் பதித்த அந்தக் குமிழ் இதற்கும் ஒரு வழி தருகிறது. ஒவ்வொரு தடவை ஊசி ஏற்றும்போதும் வெளிவரும் சில மில்லிலிட்டர் நீரில், அன்றைய தேதியில் எந்தச் செல்கள் வந்தன, எந்தச் சமிக்ஞைகள் ஏறின, கட்டியின் டிஎன்ஏ எவ்வளவு சிந்தியது என்பதெல்லாம் இருக்கிறது. அந்த நீர் கட்டியின் உட்புறத்தை எவ்வளவு உண்மையாகப் பிரதிபலிக்கும் என்பது இன்னும் உறுதியாகவில்லை. ஆனால் ஒற்றைத் துணுக்கை வைத்துப் பேசிவந்த துறைக்கு, ஒரே குழந்தையின் கதையை வாரம் வாரமாக வாசிக்கக் கிடைத்திருப்பது இப்போதுதான்.